தங்கைக்கு: 'தேங்க்ஸ் சொல்லு' என்று அதட்டாதே

அன்புள்ள தங்கைக்கு,

உன் மகன் முகிலுக்கு நன்றியுணர்வே இல்லை என்று கவலைப்பட்டாயே. பெங்களூர் மாரத்தஹள்ளியில் எதைக் கேட்டாலும் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுகிறது. எட்டு வயது முகில், பொருள் தானாக வரும் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. 'தேங்க்ஸ் சொல்லு' என்று அதட்டினால் வாய் மட்டும்தான் பழகும்.

உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு மூன்றைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்: இவர் நமக்காக நினைத்துச் செய்தாரா, என்ன சிரமப்பட்டார், நமக்கு என்ன நன்மை. நன்றியுணர்வு கூடியது. நீயும் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் கேள்: "உனக்குக் காரம் ஆகாதுன்னு பாட்டி தனியா முறுக்கு சுட்டு அனுப்பியிருக்காங்க, கவனிச்சியா?" வாரத்துக்கு இரண்டு முறை போதும். தினமும் கேட்டால் அவனுக்குப் பாடமாகிவிடும்.

பாதி டம்ளர் தண்ணீரை சிங்க்கில் கொட்டினால் திட்டாதே. பெங்களூர்க் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து மூன்று கட்டமாகப் பம்ப் செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் மேலே ஏறி வருகிறது. மேப்பில் காட்டு. டேங்கர் வரும் நாளில் கீழே கூட்டிப்போ, ஓட்டுநர் குழாய் மாட்டுவதைப் பார்க்கட்டும். மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது இனி அவன் பொறுப்பு.

'சோறில்லாத பிள்ளைகளைப் பார்' என்று மட்டும் ஒப்பிடாதே. குற்ற உணர்ச்சி வரும், இல்லாவிட்டால் தான் மேல் என்ற நினைப்பு வரும்.

டிபன் பாக்ஸைக் கழுவுவதும் தன் துணியை மடிப்பதும் அவன் வேலை. காசு கொடுக்காதே. உளவியலாளர்கள் வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் 2008இல் காட்டியது இதுதான்: உதவியதற்குப் பொருள் கொடுக்கப்பட்ட 20 மாதக் குழந்தைகள், பிறகு குறைவாகவே உதவினார்கள். வேலைக்கு வரும் அக்கா லீவு போட்டால் பாத்திரத்தில் ஒரு பங்கை அவன் துலக்கட்டும்.

பொம்மை கேட்டால் உடனே வாங்காதே, மறுக்கவும் வேண்டாம். தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல். மாதத்தின் முதல் ஞாயிறு, 300 ரூபாய்க்குள் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். ஆசை ஆறிப்போனதை அவனே அடித்துவிடுவான்.

ஆரம்பத்தில் அழுகை கூடும். அங்கேதான் பலரும் தோற்கிறார்கள். மூன்றாம் நாள் மனமிரங்கி வாங்கிக்கொடுத்தால், மூன்று நாள் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். அடுத்த முறை நான்காம் நாளும் அழுவான். அதனால் தொடங்கும் முன்பே மாப்பிள்ளையிடமும் உன் மாமியாரிடமும் பேசிவிடு. தாத்தா பாட்டி ஆசையாக வாங்கி வருவதைத் தடுக்க வேண்டாம், ஒரு வருகைக்கு ஒன்று என்று மட்டும் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்