ரியாத்தில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் உன் ரூமில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள், இங்கே உன் அம்மா பாதியில் போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் இதை எழுதி, பாப்பாவிடம் கொடுத்து இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உன் மகன் சுவரைப் பிடித்து நிற்கிறான். கண்மாயில் தண்ணீர் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

கீழத்தெரு மச்சான் மகன் ஜித்தாவில் கம்பெனியை விட்டு ஓடி, வெளியே வேலை பார்க்கிறானாம். கை நிறையச் சம்பளம் என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்டு யாரும் கிளம்பிவிடக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். யாரும் என்றால் நீதான் தம்பி. யார் சொன்னது என்று கேட்காதே. அந்தப் பிள்ளையைத் திட்டவும் திட்டாதே, அது பயந்துபோய் இருக்கிறது.

மூன்று மாதமாகச் சம்பளம் போடவில்லை என்பதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? தம்மாமில் நானும் கம்பெனிச் சோறு தின்றவன்தானே. நம் பேப்பரைக் கையில் வைத்திருக்கிற கபீல் முதலாளி என்றால் என்ன, பிடித்து அடைத்து ஊருக்குத் திருப்பி அனுப்பும் தர்ஹீல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததா? ஊர்க்காரனிடம் யோசனை கேட்கிறாய், அப்பனிடம் 'நல்லா இருக்கேன்ப்பா' என்று மட்டும் சொல்கிறாய்.

அந்தக் கம்பெனியில் கிடந்து சாகு என்று நான் சொல்லவில்லை. வெளியே வா. ஆனால் பேப்பரோடு வா. ராத்திரியோடு ராத்திரியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஜித்தா பஸ் ஏறாதே. நீ பாட்டுக்கு வேலைக்குப் போகாமல் இருந்தால், ஆள் வரவில்லை என்று அவர்கள் ஆன்லைனில் எழுதிப் போடுவார்கள். இப்போதெல்லாம் அப்படிப் போட்டபிறகு வேறு இடம் மாறவோ எக்ஸிட் அடித்து ஊருக்குப் போகவோ 60 நாள் கொடுக்கிறார்கள். அதையும் தவறவிட்டால் ஹுரூப், ஓடிப்போனவன் என்ற பதிவு. ஹுரூப் விழுந்தால் அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை இக்காமா செல்லாது. பேங்கில் பணம் அனுப்ப முடியாது, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், ஊருக்கு வர எக்ஸிட்டும் சுலபத்தில் கிடைக்காது. பிடிபட்டால் தர்ஹீல்தான்.

தம்மாமில் என் ரூமுக்கு வந்துபோகும் ஒரு பையன் அப்படித்தான் இருந்தான். ரொட்டிக்கடையில் வேலை. போலீஸ் ஜீப் தெருவில் திரும்பினாலே மாவு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். அவன் கட்டிலுக்கு அடியில் ஊருக்குப் போகக் கட்டிவைத்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. ஒரு நாள் அதைத் திறந்து காட்டினான். டேங் ஜூஸ் பொடி டப்பாவோடு இறுகிப் பாறையாகியிருந்தது, சோப்பு வெளிறிப்போயிருந்தது, அவன் மகளுக்கு வாங்கிய கவுன் இனி அவளுக்குச் சேராது. அவன் அம்மா இறந்ததைப் போனில்தான் கேட்டான். 2013-ல் சொந்த நாட்டுக்காரருக்கு வேலை கொடு என்ற நிதாகத் கெடுபிடி வந்து, நவம்பர் 3 வரை அபராதம் இல்லாமல் போகலாம் என்று அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டதால்தான் அவன் ஊர் போய்ச் சேர்ந்தான். அந்தமாதிரி மன்னிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி ஓடாதே.

நான் இருந்த காலம் வேறு. போகலாம் என்று கபீல் எழுதித் தரும் தன்னாசல் இருந்தால்தான் வேறு கம்பெனிக்கு மாற முடியும், அந்தத் தாளுக்கு அவன் கேட்கிற காசை அழவேண்டும். 2021 மார்ச்சில் அதை மாற்றிவிட்டார்கள். வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், ஆடு மேய்ப்பவர், தோட்டக்காரர் இவர்களுக்கு அது இல்லை. நீ கம்பெனி விசாவில் போனவன், உனக்கு உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் முதலாளி சம்மதம் இல்லாமலே மாறலாம். மூன்று மாதச் சம்பளம் நின்றிருந்தாலோ, இக்காமாவைக் கம்பெனி புதுப்பிக்காமல் விட்டிருந்தாலோ, ஒப்பந்தம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உன் கையில் வழி இருக்கிறது தம்பி. அதை விட்டுவிட்டு ஓடினால் குற்றம் செய்தவன் நீ என்று ஆகிவிடும், சம்பளம் கொடுக்காதவன் நிம்மதியாக இருப்பான்.

முதலில் அந்த அரசாங்கத்தின் அப்ஷர் ஆப்பில் உன் இக்காமா எந்தத் தேதிவரை என்று பார். தொழிலாளர் துறையின் கிவா தளத்தில் உன் ஒப்பந்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார். இரண்டையும் போட்டோ எடுத்து பாப்பாவுக்கு அனுப்பி வை, உன் போன் தொலைந்தாலும் இங்கே இருக்கட்டும். அப்புறம் மக்தப் அமலில், அதுதான் லேபர் ஆபீசில், புகார் கொடு. முதலில் இரண்டு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள், அதற்கு 21 நாள். தீராவிட்டால் லேபர் கோர்ட்டுக்குப் போகும். அதுவரை வேலைக்குப் போவதை நிறுத்தாதே. வெறுத்துப் போய் இருக்கும், தெரியும். இருந்தாலும் நிறுத்தாதே. அரபியில் எழுதிய தாளை நீட்டி 'கணக்கு முடிந்தது, கையெழுத்துப் போடு' என்றால் படித்துக் காட்டாமல் போடாதே. பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் வைத்திருந்தால் கேட்டு வாங்கு. அது இந்திய அரசாங்கத்தின் சொத்து, அவன் பிடித்து வைப்பது அந்த நாட்டுச் சட்டப்படியும் தப்பு.

நீ ரியாத்திலேயே இருப்பது நல்லதாயிற்று, எம்பஸி அங்கேயே இருக்கிறது. நம்மூர்க்காரர்கள் கூடும் பத்தா கடைவீதிக்குப் போய் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு, எம்பஸி திறந்திருக்கும் நாளாகப் பார்த்து ஒரு நடை போய் எழுதிக் கொடுத்துவிட்டு வா. நம் வெளியுறவுத் துறையின் மதத் என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம், பாப்பா இங்கிருந்தே பதிந்து தருவாள். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கு நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். உன் இக்காமா நம்பர் வந்தால் அன்றே அனுப்பிவிடுவேன். 2016-ல் ஜித்தாப் பக்கம் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் சம்பளம் இல்லாமல் கேம்ப்பில் கிடந்தபோது இங்கிருந்து மந்திரி வி.கே. சிங்கே போனார். அவர்கள் விவரத்தை எடுக்கவும் ஊருக்கு அனுப்பவும் முடிந்தது, ஏனென்றால் அவர்கள் கேம்ப்பில் இருந்தார்கள். எங்கேயோ ஒளிந்திருப்பவனை யார் தேடி எடுப்பது?

கடனுக்காகத்தான் நீ அவசரப்படுகிறாய். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய பணத்துக்குப் பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்து. செட்டியாரிடம் பேசிவிட்டேன், ஆவணி வரை வட்டி மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். சீட்டுப் பணம் நான் கட்டிக்கொள்கிறேன். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நீ அனுப்பியதை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறவன் நான். மாடியில் நீ போட்ட அறையில்தான் உன் மகன் தூங்குகிறான். நீ இதுவரை செய்ததற்கே நாங்கள் குறை சொல்ல வாயில்லாதவர்கள். வெறுங்கையோடு வந்தாலும் வா. எக்ஸிட் முத்திரையோடு வா, அது போதும்.

பையைக் கட்டிவிட்டாய் என்றும் கேள்விப்பட்டேன். அவிழ்த்து வை. அந்த ஜித்தாக்காரன் போன் பண்ணினால், அப்பா விடமாட்டேன் என்கிறார் என்று என் தலையில் போடு. சம்மதிக்கவில்லை என்றால் என்னிடம் பேசச் சொல்.

இதற்குப் பெரிய பதில் எதுவும் எழுத வேண்டாம். இன்று ராத்திரியே இக்காமா போட்டோவை அனுப்பு. எம்பஸிக்கு எந்தக் கிழமை போகிறாய் என்பதையும் போடு. அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ பேசும்போது நீயும் சொல்லாதே.

அப்பா