கெட்டி ஆயில்: ஒரு வாக்குமூலம்

அன்புள்ள மாப்ளே,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை என்று என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நியாயம்தான். வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது. சோடாபுட்டிக்குப் போட்டி வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடு.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்காக. போன தடவை உன் காருக்கு ஆயில் மாற்றியபோது பக்கத்தில் நின்றுகொண்டு பெரிய மேதாவி மாதிரி பேசினேனே: "0டபிள்யூ-20ஆ? தண்ணி மாதிரி ஓடுது, கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்து." அதை வாபஸ் வாங்குகிறேன். என் பேச்சைக் கேட்டு நீ உருப்பட்டதாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்காவது மறுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

நடந்தது இதுதான். என் காருக்கு ஊற்றியது போக ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது, 10டபிள்யூ-30. பைக்குக்கும் அதே கிரேடுதான். வீணாக்குவானேன் என்று பைக்கில் ஊற்றிவிட்டேன். நாலு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் ஒரு ஏற்றத்தில் முறுக்குகிறேன், எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறது. பின்னால் வந்தவர்கள் ஆரன் அடித்தே என்னைத் தள்ளிவிடுவார்கள் போலிருந்தது.

மெக்கானிக் மூடியைக் கழற்றி கிளட்ச் பிளேட்டை என் மூக்கருகே நீட்டினார். கருகிய வாடை. "என்ன ஆயில் ஊத்துனீங்க?" டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். முன்பக்கம் இருந்த எண்ணை அவர் பார்க்கவே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். "இதுல ஜாசோ எங்கங்க?" என்றார். ஜாசோ என்பது பைக் ஆயிலுக்கு ஜப்பான்காரர்கள் வகுத்த தரக் குறியாம்.

காரில் கிளட்ச் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் குளிக்கின்றன. கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். எரிபொருள் மிச்சமாகும். ஆனால் பைக் கிளட்ச் பிடிப்பதே உராய்வை நம்பித்தானே! அதனால்தான் பைக் ஆயிலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று பார்த்து வாங்க வேண்டுமாம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எம்பி. உன் தங்கச்சி வண்டிக்கு என்ன ஊற்றுகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடு.

எண் சரியாக இருந்தும் மானம் போனதே என்ற கோபத்தில் மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் உன் கார் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது.

அந்த டபிள்யூ 'வெயிட்' இல்லையடா, 'வின்டர்'! இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் வெயிட் என்று அடித்துவிட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதற்கு. 0டபிள்யூ என்றால் மைனஸ் 35 டிகிரியில் சோதிக்கிறார்கள், 20டபிள்யூ என்றால் மைனஸ் 15இல். பின்னால் வரும் எண்தான் எஞ்சின் சூடான பிறகு இருக்கும் கெட்டித்தன்மை. 100 டிகிரியில் அளப்பார்கள்: 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 50 என்றால் 16.3க்கு மேல். அதாவது உன் எஞ்சின் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கெட்டியானதை ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.

பனியே விழாத இடத்தில் முன் எண் எதற்கு என்றுதானே கேட்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எண்ணெய் கீழே வடிந்துகிடக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறிப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஆயிலும் சூட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டிதான், உன் 'தண்ணி' ஆயில் உட்பட. இளக்கமானது சீக்கிரம் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு இந்தக் காலத்து எஞ்சின்களில் இடைவெளிகள் நுணுக்கம். பலவற்றில் வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான்.

உடனே தலைகீழாகக் குதிக்காதே. பெரியவரின் பழைய டீசல் வண்டிக்கு மெல்லிசு ஆயில் ஊற்றினால் அதுவும் தப்பு. அது கெட்டியானதற்காகவே செய்த எஞ்சின்.

அப்புறம் டப்பாவில் ஏபிஐ என்று போட்டிருக்கும், அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக் குறி அது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்றால் டீசலுக்கு. எஸ்என் 2010இல் வந்தது, எஸ்பி 2020இல். பெட்ரோலுக்குப் புதியது பழையதன் இடத்தில் ஊற்றலாம். சின்தெடிக் ஆயில் நல்லதா, மினரல் ஆயில் நல்லதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை, அதைச் சோடாபுட்டியிடம் வைத்துக்கொள். ஆனால் ஆயில் கறுத்ததும் கெட்டுப்போச்சு என்று அவன் கைக்குட்டையில் துடைத்துக் காட்டுவானே, அதை நம்பாதே. அழுக்கைத் தன்னோடு சுமப்பதும் அதன் வேலை, கறுக்கத்தான் செய்யும்.

சரி, பதறாதே. ஒரு தடவை கெட்டி ஆயில் ஊற்றியதால் எஞ்சின் உடைந்துவிடாது. மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கலாம். இருந்தாலும் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் வடித்துவிடு, ஃபில்டரையும் மாற்று. கார்ப் புத்தகத்தில் ஆயில் பக்கத்தை எடு. ஒரே கிரேடு போட்டிருக்கும், இல்லாவிட்டால் வெளி வெப்பநிலைக்கு ஏற்ப ஒரு பட்டியல் இருக்கும். அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்காதே, முக்கியமாக என் பேச்சை. ஊற்றும்போது டிப்ஸ்டிக்கின் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) மேல் கோட்டைத் தாண்டாதே, நுரைத்துப்போகும்.

புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது. அதுவரை எனக்குத் தூக்கம் வராது. கிளட்ச் பிளேட் நாளைக்குத்தான் வருகிறது, ஒரு வாரமாக நடைதான்.

இப்படிக்கு,
உன் 'ஆயில் நிபுணன்'