ஏஜென்டுக்குக் கேள்வி சொல்லிக் கொடுத்தேன்

காரைக்குடி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ஆத்தாவுக்கு ரொம்ப சந்தோஷம். அன்றைக்கு நான் வராமல் போனதற்குக் காரணம் ஒரு டேட்டாபேஸ். கோபப்படாமல் படி.

கண்டாங்கிச் சேலைக் கடை ஒன்றுக்கு ஆன்லைன் ஆர்டர் வேலையை நான்தான் பார்க்கிறேன், தெரியுமே. அன்று காலையிலிருந்தே ஆர்டர் பக்கம் திறக்காமல் இழுத்தது. சர்வரைக் கவனித்துக் கணக்கு அனுப்பும் டெலிகிராஃப் என்ற மென்பொருள் ஏஜென்ட் 10 விநாடிக்கு ஒருமுறை அனுப்பிய சிபியு, மெமரி, டிஸ்க் கணக்கில் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் வரை நெட்வொர்க்கையே சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் கடை டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்குள் போய், அதில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியைப் பார்த்தேன். ஒரு வரி கண்ணில் பட்டது. நிலை: 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்', அதாவது ஒரு வேலையைத் திறந்துவிட்டு முடிக்காமல் சும்மா கிடக்கிறது. ஆரம்பித்த நேரம் காலை 9:12. யாரோ ஸ்டாக்கில் ஒரு வரியைத் திருத்திவிட்டு, கமிட் கொடுத்து முடிக்காமல் எழுந்து போயிருக்கிறார். அது திறந்து கிடக்கும்வரை, அதற்குப் பின் திருத்தப்பட்டுச் செத்த பழைய வரிகளை, குப்பை கூட்டும் ஆட்டோவேக்கூம் வந்தாலும் கூட்டித் தள்ள முடியாது. ஒவ்வொரு ஆர்டரும் ஸ்டாக்கைத் திருத்தத் திருத்தக் குப்பை ஏறியது. அவர் திறந்து வைத்த அந்த செஷனை முடித்து, வேக்கூம் ஓட்டியதும் பக்கம் மூச்சு விட்டது.

எங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்குக் கடை ஏஜென்டு அனுப்புவார்களே, ஞாபகம் வருகிறதா? மூன்று வருஷக் கணக்குக்குப் போகிறவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார். வட்டி வரவு எவ்வளவு, நிலுவை யாரிடம் என்று முதலாளி கேட்டு எழுதினால்தான் அந்தப் பதில் வரும். என் ஏஜென்டிடம் நான் எதையும் கேட்கவே இல்லை, மாப்ளே.

இப்போது அந்த டெலிகிராஃபுக்கு மூன்று கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கமிட் ஆகாமல் கிடக்கும் டிரான்சாக்ஷனில் மிகப் பழையதற்கு எத்தனை விநாடி வயது? ஸ்டாக் டேபிளில் செத்த வரி எவ்வளவு, உயிருள்ளது எவ்வளவு? பணம் வந்தும் இரண்டு மணி நேரமாகப் பார்சல் போகாத ஆர்டர் எத்தனை? மூன்றாவதுதான் எனக்கு உயிர். வேறு எந்தக் கருவியும் அதைத் தானாகக் கேட்காது. கடை நமக்குத்தானே தெரியும்.

அதிலேயே கையைச் சுட்டுக்கொண்டேன். மூன்றாவதையும் 10 விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஆர்டர் டேபிள் முழுக்கப் படித்து, காவல்காரனே பாரமாகிவிட்டான். முழுக்கப் படிக்காமல் தேட இன்டெக்ஸ் போட்டு, 5 நிமிஷமாக மாற்றினேன். ஆர்டர் எண்ணை டேகாக, அதாவது கணக்கில் ஒட்டும் அடையாளச் சீட்டாகப் போட்டிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன். ஆர்டருக்கு ஒரு சீரிஸ், அதாவது தனிக் கணக்கு வரிசை என்று பெருகிக்கொண்டே போனது.

ஏஜென்டுக்குத் தனி யூசர் வை, எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் யூசர் வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 10-லிருந்து கண்காணிப்புக்கென்றே பிஜி மானிட்டர் ரோல் இருக்கிறது, அது போதும். உன் சொந்த டேபிளுக்கு மட்டும் செலக்ட், அதாவது படிக்கும் அனுமதி கொடு. இப்படிச் சும்மா கிடப்பதைத் துண்டிக்கும் ஐடில் டிரான்சாக்ஷன் டைம்அவுட்டை 10 நிமிஷம் வைத்தேன். அது தானாக வருவதில்லை, நாம்தான் வைக்க வேண்டும்.

உன் சம்பளக் கணக்கு டேட்டாபேஸும் போஸ்ட்கிரெஸ்தானே? இன்று ராத்திரியே முதல் கேள்வியை ஒருதரம் ஓட்டிப் பார்த்து, என்ன வந்தது என்று எழுது.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கக் குடும்பத்தோடு வந்துவிடு. வளவில் பாய் போட்டு ராத்திரி முழுக்கப் பேசலாம்.

உன் பழைய பெஞ்சுக்காரன்