ஐபேடில் ஆசியோ டிரைவர் போடச் சொன்ன நிறுவனத்துக்கு

அனுப்புநர்:
உங்கள் ஆம்ப் கேப்ச்சர் மென்பொருளை முழு விலை கொடுத்து வாங்கிய கிடாரிஸ்ட்,
தில்லைநகர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
விற்பனை அலுவலகம், சென்னை.

பொருள்: கம்ப்யூட்டரில் எடுத்த கேப்ச்சர் டேப்லெட்டில் கெட்டுப்போவது, மேடையில் லைசென்ஸ் ட்ரையலுக்குத் திரும்பியது - பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை உங்கள் சாட்டில் சொல்லியாகிவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, ஃபோனில் கத்தியாகிவிட்டது, நேரிலும் வந்து நின்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள். ஒவ்வொரு முறையும் "உங்க இஷ்யூவ முதல்ல இருந்து சொல்லுங்க சார்." முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இந்தக் கடிதம்தான் கடைசி. பொறுமையாக முழுவதும் படிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நான் கிடார் வகுப்பு எடுக்கிறேன், ஞாயிறன்று சர்ச்சில் வாசிக்கிறேன், முகூர்த்த சீசனில் ரிசப்ஷன் கச்சேரிகளுக்குப் போகிறேன். என்னிடம் இருப்பது ஃபெண்டர் புளூஸ் ஜூனியர், ட்யூப் போட்ட கிடார் ஆம்ப். 15 வாட்ஸ்தான், ஆனால் தூக்கினால் 14 கிலோ. அதை வேனில் ஏற்றி இறக்கிப் பள்ளத்தில் குலுங்கி ட்யூப் போவதற்கு, ஒரு முறை ஒழுங்காக கேப்ச்சர் எடுத்து, அதாவது ஆம்பின் சத்தத்தை மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்து, ஐபேடில் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன். உங்கள் விளம்பரமும் அதைத்தான் சொன்னது. ஒரே லைசென்ஸ், கம்ப்யூட்டரிலும் டேப்லெட்டிலும், இரண்டிலும் அதே சத்தம்.

வாங்குவதற்கு முன் ட்ரையல் போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டேப்லெட் ட்ரையலில் உங்கள் ஃபேக்டரி கேப்ச்சர்களை மட்டும்தான் வாசிக்க முடியும், நாம் எடுத்ததை ஏற்ற முடியாது. அதாவது எதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமோ அதைச் சோதிக்க விடாத ட்ரையல். உங்கள் சேல்ஸ் ஆளிடம் கேட்டேன். "வாங்கிட்டா எல்லாமே ஓப்பன் ஆயிடும் சார், அதே சவுண்ட்தான், நான் கேரன்ட்டி" என்றார். அந்த சாட்டின் ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வாங்கிவிட்டேன். ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கர் கோனுக்கு நேராக வைத்து, ரீஆம்ப் பாக்ஸ் (கம்ப்யூட்டர் சிக்னலை ஆம்புக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வழியாக உங்கள் டெஸ்ட் சிக்னலை ஆம்புக்குள் அனுப்பி, ட்ரெய்னிங் முடியும்வரை வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் லேப்டாப்பில் கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எது ஆம்ப் எது கேப்ச்சர் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அளவுக்கு நல்ல வேலை. அதைச் செய்த உங்கள் இன்ஜினியர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதே ஃபைலை ஐபேடில் திறந்தேன். தகர டப்பா.

காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. என் இன்டர்ஃபேஸ் (கிடாரை கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) லேப்டாப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது விநாடிக்கு 44,100 சாம்பிள். உங்கள் ஐபேட் ஆப் 48ல் ஓடுகிறது, மாற்றவும் விடுவதில்லை. 44.1ல் ஆம்பைப் படித்த நெட்வொர்க்கை (கேப்ச்சர் என்பது அதுதான்) ரீசாம்பிள் பண்ணாமல், அதாவது வேகத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்காமல், அப்படியே 48ல் ஓட்டினால் என்ன ஆகும்? சுருதி மாறாது, நான் வாசிக்கிற ஸ்வரம் அதேதான். ஆனால் ஆம்பின் குணம் மொத்தமும் மேலே நகர்ந்துவிடும். 1000 ஹெர்ட்ஸில் இருந்த மேடு 1088 ஹெர்ட்ஸில் போய் உட்காரும். அடித்தொண்டை போய் மூக்கால் பேசும். சந்தேகத்துக்கு லேப்டாப்பை 48க்கு மாற்றி மறுபடியும் ஒரு கேப்ச்சர் எடுத்துப் பார்த்தேன். அது இரண்டிலும் ஒரே மாதிரி கேட்கிறது. ஆக, கோளாறு உங்கள் ஆப்பில் இருக்கிறது. என் கேபிளில் இல்லை, என் ஐபேடில் இல்லை, உங்கள் ஆள் சொன்னதுபோல என் காதிலும் இல்லை.

ஆமாம், அப்படித்தான் சொன்னார். "சார், சில பேருக்குக் காது அப்படிக் கேக்கும், அது சப்ஜெக்டிவ்." அவர் பெயரை இங்கே எழுதவில்லை. கால் ரெக்கார்டிங் உங்களிடம் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். அதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டவை வரிசையாக: கிடார் ட்யூன் பண்ணியிருக்கீங்களா? வால்யூம் ஏத்தி இருக்கா? ஐபேட ரீஸ்டார்ட் பண்ணீங்களா? பிறகு ஏதோ ஸ்க்ரிப்டைப் பார்த்துப் படிக்கிற குரலில், "ஆசியோ டிரைவர் இன்ஸ்டால் பண்ணுங்க சார், லேட்டன்ஸி சரியாயிடும்" என்றார். ஐபேடில்! ஆசியோ விண்டோஸ் சமாச்சாரம் தம்பி, ஐபேடில் ஆப்பிளின் கோர் ஆடியோதான், அங்கே ஆசியோ டிரைவர் போட இடமே கிடையாது என்று அமைதியாகத்தான் சொன்னேன். அதற்கு வந்த பதில்: "நீங்க இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?"

ஐயா, நான் இன்ஜினியர் இல்லை. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் சொந்தப் பொருள் எதில் எப்படி ஓடுகிறது என்று கம்பெனிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தானே பணம் கட்டுகிறோம்?

லேட்டன்ஸி, அதாவது வாசிப்பதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவிலான தாமதம், பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் பஃபரை (ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் சத்தத்தின் அளவு) 128 சாம்பிளில் வைத்து வாசிக்கிறேன், விரலுக்கும் சத்தத்துக்கும் இடைவெளியே தெரிவதில்லை. ஐபேட் ஆப்பில் நீங்கள் 512ல் பூட்டி வைத்திருக்கிறீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 10.7 மில்லி விநாடி, உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. தனியாக வீட்டில் வாசித்தால் சமாளிக்கலாம். பக்கத்தில் ட்ரம்ஸும் தபலாவும் ஓடும்போது ரிதம் கிடார் வாசித்துப் பாருங்கள், எல்லா அடியும் பின்னால் விழும். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டு டிக்கெட் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்து டிக்கெட் மூடப்பட்டது. பல் வலி என்று போனவனுக்குச் செருப்பு அளவெடுத்து அனுப்பியது மாதிரி.

இப்போது சென்னைக்கு வந்த கதை. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது. "ஆம்ப், லேப்டாப், ஐபேட், இன்டர்ஃபேஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு நேர்ல வாங்க, டெக்னிக்கல் டீம் பார்த்துடுவாங்க" என்று உங்கள் அலுவலகத்திலிருந்தே மெயில் வந்தது. நம்பி, காலைப் பல்லவனில் ஆம்பை மடியில் வைக்காத குறையாக எழும்பூர் வந்து, ஆட்டோ பிடித்து வந்தால், அலுவலகம் மூன்றாவது மாடி, லிஃப்ட்டில் "பழுது" என்று அட்டை தொங்குகிறது. 14 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். செருப்பு ஸ்டாண்டுக்கும் வாட்டர் கேனுக்கும் நடுவில் வைக்கச் சொன்னார்கள். வெகு நேரம் உட்கார வைத்துவிட்டு, டெக்னிக்கல் டீம் சனிக்கிழமை வராது என்றார்கள். சனிக்கிழமை வரச் சொன்னதே நீங்கள்தான்!

பிறகு சேல்ஸிலிருந்து ஒரு பையனை அனுப்பினார்கள். நல்ல பையன்தான், குற்றம் சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆம்ப் ஆன் செய்து சூடேறி நிற்கிறது. பையன் பின்பக்கம் குனிந்து ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி, அந்த அவுட்டை நேராக இன்டர்ஃபேஸில் சொருகப் போனான். நான் போட்ட சத்தத்தில் ரிசப்ஷனில் இருந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார். ட்யூப் ஆம்பை ஸ்பீக்கரோ அதற்குப் பதிலாக மாட்டும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம் என்பது ஆம்ப் வைத்திருக்கிறவனுக்கு முதல் பாடம். ஆம்பை கேப்ச்சர் பண்ணும் மென்பொருளை விற்கும் கம்பெனியில், அந்த மாடி முழுக்க இது தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஆம்பை ஆஃப் செய்து, பிளக்கை நானே திரும்ப மாட்டி, சாப்பிடாமல்கூட இறங்கி வந்துவிட்டேன். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை. ஆம்ப் மேல் உட்கார்ந்துதான் ஊர் வந்து சேர்ந்தேன்.

இதற்கு நடுவில் அந்த மனிதர், நீங்க இன்ஜினியரா என்று கேட்டாரே அவர்தான், எனக்கு ஃபோன் போட்டு "விசிட் எப்படி இருந்தது, அஞ்சுக்கு எவ்வளவு ஸ்டார் கொடுப்பீங்க?" என்கிறார்.

கல்யாண ரிசப்ஷன் கச்சேரியில் நடந்தது இவற்றுக்கெல்லாம் முன்னால். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுப்போயிற்று. புதுக்கோட்டையில் ஒரு ஏசி மண்டபம், உள்ளே சிக்னல் கிடையாது. ராஜா பாட்டு, இடையில் கிடார் மட்டும் தனியாக வரும் இடம். சரியாக அங்கே ஐபேடில் "லைசென்ஸைச் சரிபார்க்க இயலவில்லை" என்று வந்து ஆப் ட்ரையலுக்குப் போய்விட்டது. ட்ரையலில் என்ன செய்வீர்கள்? கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சத்தத்தை அப்படியே இறக்கி ஏற்றுவீர்கள். என் விரல் ஓடுகிறது, ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. மண்டபமே என்னைப் பார்க்கிறது, வீடியோக்காரர் லைட்டை என் முகத்துக்குத் திருப்புகிறார். கீபோர்டு அண்ணன் அந்த பிட்டைச் சமாளித்து வாசித்து முடித்தார். இறங்கும்போது பார்ட்டி கேட்டது, "தம்பி புதுசா வாசிக்கிறீங்களா?" இருபது வருஷமாக வாசிக்கிறேன்!

இன்டர்நெட் இல்லாத மேடையில் லைசென்ஸ் செல்லாது என்று விளம்பரத்தில் எங்கே எழுதியிருக்கிறது? காட்டுங்கள். ஸ்டீவன் அட்கின்சன் எழுதி வெளியிட்ட நியூரல் ஆம்ப் மாடலர் என்கிற கேப்ச்சர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, சோர்ஸ் கோடே திறந்து கிடக்கிறது, லைசென்ஸ் கேட்டு யார் வாயையும் அடைப்பதில்லை. அதை விட்டுவிட்டு, ஐபேடில் தலைவலி இருக்காது, கேட்பதற்கு ஆள் இருப்பார்கள் என்று பணம் கட்டி உங்களிடம் வந்தேன்.

நஷ்டத்துக்கு வருகிறேன். அந்த மண்டபத்துக்குப் பிறகு புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் ஒரு புக்கிங் இல்லை. இந்த சீசனே போயிற்று, அடுத்த சீசனும் போனதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், நண்பர் ஒருவர் மஸ்கட்டுக்குப் போகுமுன் தன் வாக்ஸ் ஏசி30 ஆம்பை ஒரு வாரம் என் வீட்டில் வைத்திருந்தார். அதை உங்கள் மென்பொருளில்தான் கேப்ச்சர் எடுத்தேன், எல்லாம் 44.1ல். அந்த ஆம்ப் இப்போது விற்றுப் போய்விட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. அந்தச் சத்தத்துக்கு நான் என்ன விலை போட? மன உளைச்சல், வருமான இழப்பு, பெயர்க் கேடு எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் என்றாலும் குறைவுதான். என் இசை வாழ்க்கையையே முடித்துவிட்டீர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனாலும் நான் சண்டைக்காரன் இல்லை. நான் கேட்பது மிகச் சாதாரணம். லைசென்ஸுக்குக் கட்டிய பணத்தை முழுவதுமாகத் திருப்பித் தாருங்கள், சென்னை வந்துபோன செலவைத் தாருங்கள். அடுத்த அப்டேட்டில் ரீசாம்பிளிங்கைச் சேர்த்து, பஃபர் பூட்டைத் திறந்துவிட்டால் மற்றவர்களாவது பிழைப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்து கொடுத்தால் நன்றியுடன் விலகிக்கொள்வேன், வெளியில் ஒரு வார்த்தை தவறாகப் பேச மாட்டேன்.

செய்யவில்லை என்றால், நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல் பதிவு செய்வது முதல் வேலை. அடுத்தது திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி, நான் குடியிருக்கும் ஊரிலேயே உங்கள் மேல் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. இந்தத் தடவை ரயில் ஏறப் போவது நீங்கள். வரும்போது அந்த "இன்ஜினியரை"யும் அழைத்து வாருங்கள். நீதிபதி முன்னால் ஒரு ஐபேடை அவர் கையில் கொடுக்கிறேன், ஆசியோ டிரைவரைப் போட்டுக் காட்டட்டும்.

பில், சாட் ஸ்க்ரீன்ஷாட், உங்கள் மெயில், 44.1லும் 48லும் ஒரே ரிஃப்பை வாசித்து எடுத்த ஆடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். டிக்கெட் எண் மட்டும் அனுப்புகிற தானியங்கி மெயிலைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஃபோனில்தான் பேசுவீர்கள் என்றால் காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்கும். அந்த மனிதரை மட்டும் பேச விட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (இன்னும் சில நாட்களுக்கு) வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி.