மழைக்காலத்தில் மின்னூட்டம் எங்கே போகிறது? டெல்டா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பக்கத்தில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதில்லை. "ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திவிடும், கோடையில் செய்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாடத்தைத் தாண்டிவிடுகிறோம். வேதாரண்யம் பக்கத்துப் பள்ளியொன்றில் நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். தவறாகச் சொல்லிக்கொடுத்தோமே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

ஈரக்காற்று அப்படியொன்றும் நல்ல கடத்தி இல்லை. மின்னூட்டம் வடிவது பெரும்பாலும் பொருளின் பரப்பு வழியாக. நீராவி கண்ணுக்குத் தெரியாத படலமாகப் பரப்பில் படிகிறது. அங்கிருக்கும் கைவியர்வையின் உப்பும் தூசியும் அதில் கரைந்ததும் அதுவே வாய்க்காலாகிவிடுகிறது. கண்ணாடியில் இந்தப் படலம் எளிதில் படியும், மெழுகில் படியாது.

இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். இரண்டு ஊறுகாய் பாட்டில் போதும். ஒன்றுக்குத் தக்கை மூடி, மற்றதற்கு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றிய மூடி. இரண்டின் நடுவிலும் ஒரு செம்புக் கம்பி, அதன் கீழ்நுனியில் மெல்லிய அலுமினியக் கீற்று இரண்டு. பிவிசி குழாயை அடுப்பருகே சற்றுச் சூடுகாட்டி, கம்பளியில் தேய்த்துக் கம்பியில் வையுங்கள். தக்கை பாட்டிலில் விரிந்த கீற்றுகள் உடனே தொங்கிவிடும். மெழுகு பாட்டிலில் நின்று நிதானமாகத்தான் சாயும். அதே அறை, அதே காற்று! காற்று வழி இழப்பு எவ்வளவு, பொருளைப் பிடித்திருக்கும் தாங்கி வழி இழப்பு எவ்வளவு என்று பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் 1785-லேயே பிரித்து ஆராய்ந்திருக்கிறார்.

மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்கும் கேட்கலாம். ஒரு பொருளின் விடுதிறனை (மின்புலத்துக்கு அது எவ்வளவு இடம்கொடுக்கிறது என்ற அளவு) அதன் தன்மின்தடையால் (மின்னோட்டத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) பெருக்கினால், மின்னூட்டம் 37 விழுக்காடாகக் குறையும் நேரம் கிடைக்கும். பாலித்தீனின் தன்மின்தடையை 10-இன் 16-ஆம் அடுக்கு ஓம் மீட்டர் என்று கொண்டால், உள்வழியாக மட்டும் வடிய இரண்டு நாளுக்கு மேலாகும். ஆனால் ஈரம் படிந்த பரப்பு அத்தனை நேரம் விட்டுவைக்காது.

கடலோரப் பிள்ளைகளுக்கு இது இன்னும் நெருக்கம். உப்புக்காற்று மின்கம்பத்துப் பீங்கானில் படிந்து, மார்கழிப் பனியில் நனைந்தால், விடியற்காலையில் 'உஸ்' என்று இரைச்சல் கேட்கும். பீங்கானில் ஏன் அத்தனை அடுக்கு மடிப்புகள் என்று கேளுங்கள். கசிவு கடக்க வேண்டிய வழியை நீட்டத்தான் அவை.

வருகிற ஐப்பசியில் இந்தப் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மெழுகு மூடி போட்ட பாட்டில்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. வேண்டும் என்கிற பள்ளிக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்