டொரண்டோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள தேனு,

உன் மலக்குடல் கேன்சருக்கு ஆபரேஷனுக்கு முன்னால் ரேடியேஷன் வேண்டாம், கீமோ மட்டும் போதும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். வைத்தியத்தைக் குறைக்கிறார்களோ என்று உனக்குப் பயம். அப்படி இல்லை அம்மாடி.

நான் நர்ஸாக இருந்த காலத்தில் மலக்குடல் கேன்சர் என்றால் முதலில் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைப்பதுதான். ஐந்தரை வாரம், கூடவே கீமோ மாத்திரை. கட்டி அதே இடத்தில் திரும்ப வராமல் இருக்க அது உதவியது, பொய் இல்லை. ஆனால் இடுப்பில் வைக்கிற கரண்ட் கட்டியோடு நிற்பதில்லை, சினைப்பையையும் கர்ப்பப்பையையும் சேர்த்தே தாக்கும். உன் வயதுப் பெண்கள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், மூணு மாசமா வரவே இல்லையே" என்பார்கள். பலருக்கு அப்புறம் மாதவிடாய் வரவே இல்லை.

2023இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வை வைத்துத்தான் உன் டாக்டர் பேசியிருப்பார். அமெரிக்கா, கனடா, சுவிட்சர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கரண்ட். இன்னொன்றுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபோல்ஃபாக்ஸ் கீமோ, ஆறு சுற்று. ஐந்து வருஷம் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் கீமோ பக்கம் 80.8 சதவீதம், கரண்ட் பக்கம் 78.6. கிட்டத்தட்ட ஒன்றுதான். கட்டி 20 சதவீதமாவது சுருங்காதவர்களுக்கும் மருந்து தாங்காதவர்களுக்கும் பிறகு கரண்ட் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தத் தேவை பத்தில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்தாலோ, பக்கத்து உறுப்பைப் பிடித்திருந்தாலோ கரண்ட் வேண்டியிருக்கும். உன் எம்.ஆர்.ஐ. என்ன சொல்கிறது என்று நேராகவே கேள்.

கீமோவும் லேசுப்பட்டதில்லை. கருமுட்டை எடுத்து வைப்பது பற்றி முதல் சுற்றுக்கு முன்னாலேயே கேட்டுவிடு. பேரப்பிள்ளை ஆசையில் சொல்லவில்லை (கொஞ்சம் இருக்கிறதுதான்). பெறுவதா வேண்டாமா என்பதை நீயும் மாப்பிள்ளையும் பின்னால் நிதானமாக முடிவு செய்யலாம்.

ஃபோல்ஃபாக்ஸில் இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து ஏறிய சில நாளைக்குக் குளிர்ச்சி ஆகாது. ஃப்ரிட்ஜில் இருக்கும் தயிர் டப்பாவைத் தொட்டால்கூட விரல் நுனியில் சுருக்கென்று குத்தும், ஜில் தண்ணீர் குடித்தால் தொண்டை இறுக்கும். உங்கள் ஊர் ஜனவரியில் கேட்கவே வேண்டாம்: கையுறை போடு, மூக்கையும் வாயையும் மூடிக்கொள், வெந்நீர் குடி. சட்டைப் பட்டன் போட முடியாத அளவுக்கு விரல் மரத்தால் மறைக்காமல் சொல், டோஸைக் குறைப்பார்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

என் விசா இன்னும் செல்லும். முதல் சுற்றுத் தேதி தெரிந்ததும் சொல், டிக்கெட் போடுகிறேன்.

அம்மா