கணக்காய்வாளரை யார் தெரிவுசெய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2023இல் தென் லண்டனில் எங்கள் குரொய்டன் கவுன்சில் வரி ஒரேயடியாக 15% கூடியபோது, கோயிலிலும் கடையிலும் எங்கள் சனம் கட்சிகளைத்தான் திட்டித் தீர்த்தது. கணக்கைப் பார்த்தவர்கள் யார், அவர்களை நியமித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதிய எனக்கு அதுதான் முதற்கேள்வி.

இலங்கையில் மாநகர சபையோ பிரதேச சபையோ, கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆளைத் தெரிவுசெய்யும் உரிமை சபைக்கு இல்லை. இங்கிலாந்திலும் கணக்காய்வாளரை நியமிக்க ஓடிட் கொமிஷன் என்றொரு பொது அமைப்பு இருந்தது. 2015இல் அதை மூடிவிட்டார்கள். இப்போதுள்ள 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சில் ஒரு சுயாதீனக் குழுவை அமைத்துத் தானே கணக்காய்வு நிறுவனமொன்றைத் தெரிவுசெய்யலாம். அல்லது பிஎஸ்ஏஏ என்ற தேசிய அமைப்பிடம் அந்த வேலையை விட்டுவிடலாம். அநேகமாக எல்லாக் கவுன்சில்களும் விட்டுவிட்டன. ஆனால் அப்படி விடுவதென்ற முடிவை முழுச் சபையும் கூடித்தான் எடுக்கவேண்டும். எங்கள் தமிழ்க் கவுன்சிலர்களுக்கும் அதில் வாக்கு உண்டு.

கணக்காய்வு நிறுவனங்களைத் தெரிவுசெய்ய 2017இல் பிஎஸ்ஏஏ கோரிய கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) விலைக்குப் பாதிப் புள்ளி, தரத்துக்குப் பாதி. கட்டணம் 23% இறங்கியது. விளைவு? நாடு முழுவதும் 2021-22 கணக்குகளில் உரிய நாளுக்குள் ஆய்வு முடிந்தவை வெறும் 12%. 2022இல் தரத்துக்கு நூற்றுக்கு 80 புள்ளி என்று மாற்றியபோது கட்டணம் ஏறத்தாழ 150% கூடும் என்று சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. பற்றுச்சீட்டை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்க்க நேரமும் அனுபவமும் உள்ள ஆள் வேண்டும். அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும்.

குரொய்டனின் கணக்காய்வாளரான கிராண்ட் தோர்ன்டன் நிறுவனம் 2020 ஒக்ரோபரில் பொதுநல அறிக்கை, அதாவது பாரதூரமான குறைகளைப் பகிரங்கப்படுத்தும் அறிக்கை, வெளியிட்டது. கவுன்சில் தன் சொந்த வீடமைப்புக் கம்பனியான பிரிக் பை பிரிக்குக்கு ஏறத்தாழ 20 கோடி பவுண் கடன் கொடுத்திருந்தது. அடுத்த மாதமே செலவைச் சமாளிக்கப் பணமில்லையென்று கவுன்சில் கையை விரித்தது. கவுன்சிலின் கையிருப்புச் சேமிப்பு மிகக் குறைவாக இருக்கிறதென்று கணக்காய்வாளர் முன்பே எச்சரித்திருந்தார்கள். சபை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல ஆளை நியமித்தாலும், அவர் சொல்வதைக் கேட்டு நடக்கச் சபை வேண்டுமே!

உள்ளூர்க் கணக்காய்வு அலுவலகம் ஒன்றை அமைத்து நியமனப் பொறுப்பை அதனிடம் கொடுப்பதாக அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. நல்லது. ஆனாலும் எங்கள் கவுன்சிலர்கள் கேட்கவேண்டியவை உண்டு: வருகிறவர்களில் எத்தனை பேர் உள்ளூராட்சிக் கணக்கு பார்த்துப் பழகியவர்கள்? அதே நிறுவனம் கவுன்சிலுக்கு ஆலோசனையும் விற்கிறதா? கணக்காய்வுக் குழுவில் கட்சி சாராத ஒருவர் இருக்கிறாரா?

எங்களுக்கும் ஓர் உரிமை உண்டு. ஒவ்வொரு ஆண்டும் 30 வேலைநாட்களுக்குக் கவுன்சிலின் கணக்குகளைப் போய்ப் பார்வையிடலாம்; வாக்காளராயின் கணக்காய்வாளரிடம் கேள்வி கேட்கலாம், ஆட்சேபமும் தெரிவிக்கலாம். அந்த அறிவித்தல் கவுன்சில் இணையத்தளத்தில் ஆங்கிலத்தில் ஒரு மூலையில் கிடக்கும். வரும் ஆண்டிலிருந்து அந்தத் தேதிகளைத் தமிழில் உங்கள் முதற்பக்கத்தில் போடுவீர்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோர்ன்டன் ஹீத்